அஞ்சல் பெட்டியிலிருந்து கைப்பேசிக்கு: தூரம் குறைந்ததா?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: "அடுத்து என்ன படிப்பது?" சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதற்கு இரண்டு பதில்களே இருந்தன. மதிப்பெண்ணும் வசதியும் உள்ளவர்கள் கல்லூரிக்குப் போனார்கள். மற்றவர்கள் ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்துகொண்டு 'கரஸ்'ஸில் படித்தார்கள். இன்று மூன்றாவதாக ஒரு பதில் கைப்பேசித் திரையில் வந்து நிற்கிறது. "வீட்டிலிருந்தே பட்டம், வேலையை விட வேண்டாம், தவணையில் கட்டணம்" என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. "சாமி, இந்த ஆன்லைன் டிகிரி செல்லுமா?" என்று பங்கு இல்லத்துக்கு வந்து கேட்கும் பெற்றோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடிவருகிறது.

செல்லுமா என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் முறைப்படி நடத்தும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள், நேரில் சென்று படித்துப் பெறும் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் படிப்பில் பிள்ளை உண்மையிலேயே கற்றுக்கொள்வானா, கற்றுக்கொள்வாளா? அதைப் பற்றியே இன்று சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

தபால்காரர் கொண்டுவந்த பல்கலைக்கழகம்

தொலைவிலிருந்து கற்பது புதிய செய்தியல்ல. 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் கட்டணம் வந்தபோது, ஐசக் பிட்மன் என்பவர் தம் சுருக்கெழுத்து முறையை அஞ்சல் வழியாகக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். மாணவர்கள் பயிற்சியை எழுதி அனுப்பினார்கள். அவர் திருத்தித் திருப்பி அனுப்பினார். 1858-இல் இலண்டன் பல்கலைக்கழகம், எங்கிருந்து படித்தாலும் தன் தேர்வை எழுதிப் பட்டம் பெறலாம் என்று வாசலைத் திறந்துவிட்டது.

நம் நாட்டில் 1962-இல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் இப்பணியில் இறங்கின. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பிறந்தன.

இந்த ஆண்டுகளை வெறும் புள்ளிவிவரமாகப் பார்க்காதீர்கள். ஆசிரியர் பயிற்சியோடு பள்ளியில் சேர்ந்து பிறகு பட்டம் பெற்ற ஆசிரியைகள், காவலர் பணியிலிருந்துகொண்டு தேர்வு எழுதியவர்கள், திருமணத்துக்குப் பின் விட்ட படிப்பைத் தொடர்ந்த தாய்மார்கள், மருத்துவமனைப் பணிக்கிடையில் பட்டம் முடித்த அருள்சகோதரிகள் என்று எத்தனையோ பேர் இந்தப் பழுப்பு நிற உறைகளின் பிள்ளைகள். கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர் வீட்டுக்குக் கல்லூரியே தபாலில் வந்தது.

அதன் குறைகளையும் நாம் அறிவோம். புத்தகக் கட்டு தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வந்துசேரும். ஞாயிற்றுக்கிழமை 'கான்டாக்ட் கிளாஸ்' நெருக்கடி மிகுந்த அரங்கில் நடக்கும். பலர் புத்தகத்தைத் திறக்காமலே கடையில் கைடு வாங்கிப் படித்துத் தேறினார்கள். சேர்ந்தவர்களில் பாதி வழியில் நின்றுபோனவர்களைத் தேடிப்போக யாருமில்லை. ஏனெனில் ஒருவர் படிக்கிறாரா இல்லையா என்பதே தேர்வு நாள்வரை பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது.

நன்றாக நடந்த இடத்தில் என்ன நடந்தது?

எல்லா இடத்திலும் இப்படி இருக்கவில்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் அரச சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் சுமார் 24 ஆயிரம் மாணவர்களோடு பாடங்களைத் தொடங்கியது. பிபிசி தொலைக்காட்சியில் அதன் பாடங்கள் ஒளிபரப்பானதால், தொலைக்காட்சிதான் அதன் வெற்றிக்குக் காரணம் என்று பலர் நினைத்தார்கள். உண்மையான பலம் வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு பாடத்தையும் ஒரு குழு உருவாக்கியது. பாட அறிஞர்கள், கல்வியியல் வல்லுநர்கள், பதிப்பாசிரியர்கள், ஒளிபரப்புத் தயாரிப்பாளர்கள் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து, தனியாக இருந்து படிக்கும் ஒருவர் எந்த இடத்தில் தடுமாறுவார், அங்கே அவருக்கு என்ன உதவி தேவை என்று விவாதித்து எழுதினார்கள். அறிவியல் மாணவர்களின் வீட்டுக்குச் சோதனைக் கருவிப் பெட்டியும் சிறு நுண்ணோக்கியும் அனுப்பப்பட்டன. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார். மாணவர் எழுதி அனுப்பிய கட்டுரையில் அவர் மதிப்பெண்ணோடு நிற்காமல் விளக்கமான குறிப்பும் எழுதினார். 2006 டிசம்பரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கடைசிப் பாட நிகழ்ச்சி பிபிசியில் ஒளிபரப்பானது. தொலைக்காட்சிப் பாடங்கள் நின்றன, பல்கலைக்கழகம் தொடர்ந்தது.

நம் தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அலகின் தொடக்கத்திலேயே "இதைப் படித்த பின் உங்களால் என்ன செய்ய முடியும்" என்று இருக்கும். சிறு பகுதிக்குப் பின் "உங்கள் முன்னேற்றத்தைச் சோதித்துப் பாருங்கள்" என்று ஒரு கட்டம், எழுதிப் பார்க்கச் சிறிது இடம், கடைசியில் விடைகள். ஆசிரியர் வாசகரோடு பேசுவதுபோல் நடை. சுவீடனில் பணியாற்றிய தொலைநிலைக் கல்வி அறிஞர் பேரியே ஹோம்பெர்க் இதை வழிகாட்டும் உரையாடல் என்று கருதினார். மேலும் அங்கே பெரும்பாலான பாடங்களில் 30 விழுக்காடு மதிப்பெண் அசைன்மென்டுகளுக்கு. அவற்றைப் படித்துத் திருத்த ஒரு மனிதர் வேண்டும். இதுதான் கற்றல் வடிவமைப்பு. அந்தப் பெயர் பரவலாவதற்கு முன்பே காகிதத்தில் அது இருந்தது.

இணையம் வந்தபோது

2001-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடக் குறிப்புகளை உலகுக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. 2003-இல் நம் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்பிடெல் என்ற திட்டத்தில் பொறியியல் பாடங்களைக் காணொளிகளாக்கத் தொடங்கின. 2011-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவு பற்றி இணையத்தில் நடத்திய பாடத்தில் சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ், யுடாசிட்டி ஆகிய அமைப்புகள் எழுந்தன. "இனிக் கல்லூரிகளே தேவைப்படாது" என்று பேசியவர்களும் உண்டு.

அந்த ஆரவாரம் நீடிக்கவில்லை. 2013 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், யுடாசிட்டியோடு சேர்ந்து கணக்கு, புள்ளியியல் பாடங்களை இணையத்தில் நடத்திப் பார்த்தது. முன்பு தேறாமல் போனவர்களும் வசதி குறைந்த பள்ளிகளின் மாணவர்களும் அதில் இருந்தார்கள். தேர்ச்சி விகிதம் ஏமாற்றம் தந்ததால் அதே ஆண்டு ஜூலையில் முயற்சி இடைநிறுத்தப்பட்டது. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய திறந்த இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 2017-18-இல் பதிவு செய்தவர்களுள் ஏறத்தாழ 100-க்கு 3 பேரே பாடத்தை முடித்தார்கள் என்று காட்டியது. முடித்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நன்கு படித்தவர்கள், வசதியான நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

காரணம் என்ன? புதிய கருவி வந்ததும், பழைய தொலைநிலைக் கல்வி பட்டுத் தெரிந்துகொண்டதை மறந்துவிட்டார்கள். நல்ல பேராசிரியரின் விரிவுரையைப் படம் பிடித்து ஏற்றிவிட்டால் கல்வி முடிந்தது என்று எண்ணினார்கள். எட்எக்ஸ் தளத்தில் 69 இலட்சம் முறை காணொளிகள் பார்க்கப்பட்ட விவரங்களை 2014-இல் ஆராய்ந்தவர்கள், காணொளி எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் பொதுவாக 6 நிமிடத்துக்கு மேல் அதில் நிற்பதில்லை என்று கண்டார்கள். நம் திருப்பலி மறையுரைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்று நீங்கள் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது!

2017 ஜூலையில் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் சுவயம் தளம் இந்தக் குறையை ஓரளவு உணர்ந்தே அமைக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் காணொளி, படிக்கும் பகுதி, தன்மதிப்பீடு, ஐயங்களைக் கேட்க விவாதக் களம் என நான்கு பகுதிகள் வேண்டும். 2021 முதல் கல்லூரி மாணவர் ஒருவர் தம் பாடங்களில் 40 விழுக்காடுவரை சுவயம் வழியாகப் படிக்கவும் இடமுண்டு. திட்டம் நல்லது. ஆனால் ஐயத்தைக் கேட்ட மாணவருக்கு யார், எத்தனை நாளில் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்த நான்காவது பகுதிக்கு உயிர் இருக்கும்.

பெருந்தொற்று காட்டிய உண்மை

2020 மார்ச்சில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. அந்த ஏப்ரலில் உலகெங்கும் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வீட்டில் முடங்கினார்கள். நம் ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு வகுப்பெடுக்கத் தொடங்கினார்கள். அவர்களது உழைப்பை நாம் என்றும் மறக்கக் கூடாது. ஆனால் அதுதான் இணையவழிக் கல்வி என்று எண்ணுவதும் தவறு. அந்த மார்ச் மாதத்திலேயே சார்லஸ் ஹாட்ஜஸ் முதலான அமெரிக்கக் கல்வியாளர்கள், இது அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல், திட்டமிட்டு அமைக்கப்படும் இணையவழிக் கல்வி வேறு என்று எழுதினார்கள். வெள்ளத்தில் வீடிழந்தவருக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுப்பதும், அவருக்கு வீடு கட்டிக் கொடுப்பதும் ஒன்றா?

அந்த நேரத்தில் ஏழைகளின் நிலை என்ன? 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, கிராமப்புற வீடுகளில் 14.9 விழுக்காட்டில்தான் இணைய வசதி இருந்தது, கணினி 4.4 விழுக்காட்டில்தான். அதன் பின் கைப்பேசியும் இணையமும் வெகுவேகமாகப் பரவிவிட்டன. ஆனாலும் வீட்டில் இணையம் இருப்பது வேறு, மாலையில் அப்பா வேலையிலிருந்து வரும்வரை ஒரே கைப்பேசிக்காக அண்ணனும் தங்கையும் காத்திருப்பது வேறு. அப்படிக் காத்திருக்கும்போது யாருடைய முறை பின்னுக்குப் போகிறது என்பதை நம் பெண்பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. ஆனால் 2021 அக்டோபரில் அதே அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பியது. மாலையில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து சொல்லிக்கொடுக்க ஓர் அக்கா தேவைப்பட்டார். திரை தர முடியாததை அந்த அக்கா தந்தார்.

தூரத்தை எதைக் கொண்டு அளப்பது?

தொலைநிலைக் கல்வி அறிஞர் மைக்கேல் மூர் பல ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அருமையான கருத்தைச் சொன்னார். கல்வியில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உரையாடல் எவ்வளவு, பாட அமைப்பு எவ்வளவு நெகிழ்வானது, மாணவர் தானாகப் படிக்க எவ்வளவு பழகியவர் என்ற மூன்றும் சேர்ந்துதான் தூரத்தைத் தீர்மானிக்கின்றன. 200 பேர் உள்ள வகுப்பில் கடைசி பெஞ்சில் பேசாமல் அமர்ந்திருப்பவர் மிகத் தொலைவில் இருக்கிறார். 500 கிலோமீட்டர் அப்பால் இருந்தாலும் தன் தவற்றை ஆசிரியர் கவனித்து எழுதிய கடிதத்தைப் பெறுபவர் அருகில் இருக்கிறார்.

இது வெறும் தத்துவமல்ல. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 151 பாடத்திட்டங்களையும் அவற்றில் படித்த 1,11,256 மாணவர்களையும் ஆராய்ந்து 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மாணவர்கள் படிப்பை விடாமல் தொடர்வதோடு மிகுந்த தொடர்புடையதாக அதில் தெரிந்தது, பாடத்தில் ஒருவரோடொருவர் பேசிப் பரிமாறும் செயல்களுக்கு ஒதுக்கப்பட்ட பங்குதான். இன்னொரு வியப்பும் உண்டு. பாடம் பிடித்திருந்தது என்று மாணவர்கள் சொன்னதற்கும், அவர்கள் படிப்பை முடித்ததற்கும் தொடர்பு காணப்படவில்லை. விளம்பரத்தில் வரும் நட்சத்திரக் குறிகளை நம்பி முடிவெடுப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கணக்குப்பதிவியலில் பேரேடு எழுதுவது பாடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் 50 நிமிடக் காணொளி ஒன்றையும், 40 பக்கக் கோப்பு ஒன்றையும், சரியான விடையைத் தொடும் 10 கேள்விகளையும் தருகிறது. இன்னொரு நிறுவனம் 6 நிமிடத்தில் அடிப்படையை விளக்கிவிட்டு, மளிகைக் கடை ஒன்றின் ஒருநாள் பில்களைக் கொடுத்து எழுதச் சொல்கிறது. எழுதியதை வேறு இரு மாணவர்களோடு ஒப்பிட்டு, எங்கே வேறுபட்டது, ஏன் என்று பேச வைக்கிறது. பலரும் செய்த ஒரே தவற்றை ஆசிரியர் வெள்ளிக்கிழமை நேரலையில் எடுத்து விளக்குகிறார். அடுத்த வாரம் அதே கடையின் கடன் கணக்கு. இரண்டுக்கும் பெயர் ஆன்லைன் வகுப்புதான். ஆனால் ஒன்றில் பார்க்கிறார்கள், மற்றதில் கற்கிறார்கள்.

பிறகு ஏன் முதல் வகையே அதிகம்? காணொளியை ஒருமுறை எடுத்தால் 100 பேருக்கும் காட்டலாம், ஒரு இலட்சம் பேருக்கும் காட்டலாம். செலவு ஏறக்குறைய ஒன்றுதான். கட்டுரையைப் படித்துக் குறிப்பெழுதும் ஆசிரியருக்கோ, மாணவர் கூடக்கூடச் சம்பளமும் கூடும். எனவே சிக்கனம் என்று வந்தால் முதலில் வெட்டுப்படுவது அந்த ஆசிரியர்தான். இப்போது அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவை அமர்த்தலாம் என்ற பேச்சும் எழுந்துள்ளது. சிறு ஐயங்களுக்கு நள்ளிரவிலும் விடை தர அது உதவலாம். ஆனால் அசைன்மென்டை மாணவருக்காக அதுவே எழுதி, அதையே அது திருத்தவும் செய்தால், நடுவில் கற்றவர் யார்? 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட 'ஆந்திக்குவா எத் நோவா' என்ற ஏடு, ஆசிரியரின் உடனிருப்பு உருவாக்கும் உறவை இயந்திரம் ஈடுசெய்ய முடியாது என்று நினைவூட்டுகிறது.

இணையத்தை நான் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். புரியாத இடத்தை ஒரு தாய் நிறுத்தி நிறுத்தி மூன்று முறை கேட்க முடிகிறது. பார்வையற்ற மாணவருக்குக் கணினி வாசித்துக் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு வாரமாக உள்ளே வராத மாணவர் யார் என்று நிறுவனத்துக்கு இன்று தெரியும். அஞ்சல் காலத்தில் இது தெரிய வழியே இல்லை. தெரிந்த பின் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "என்னம்மா, ஏன் வரவில்லை?" என்று கேட்கிறாரா என்பதுதான் வேறுபாடு. காணாமற்போன ஆட்டைத் தேடிப்போகும் கதையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அகதி முகாமில் ஒரு வகுப்பறை

இது முடியக்கூடியதே என்பதற்குச் சான்று நம் திருச்சபையிலேயே உண்டு. 2010 முதல் இயேசு சபையினர், கென்யாவின் ககுமா, மலாவியின் ஜலேகா ஆகிய அகதி முகாம்களில் இணையவழி உயர்கல்வியை நடத்தினார்கள். அமெரிக்காவில் உள்ள இயேசு சபையின் ரீஜிஸ் பல்கலைக்கழகம் பட்டயம் வழங்கியது. பேராசிரியர் கடலுக்கு அப்பால் இருந்தார். ஆனால் முகாமில் கணினிகள் உள்ள ஓர் அறை, உடனிருந்து உதவ ஒருவர், சேர்ந்து படிக்கும் குழு ஆகிய மூன்றும் இருந்தன. முகாமைவிட்டு வெளியேற முடியாதவர்களுக்கு இப்படித்தான் பல்கலைக்கழகம் எட்டியது. இன்று ஜெஸ்யூட் வேர்ல்டுவைட் லேர்னிங் என்ற பெயரில் அப்பணி பல நாடுகளில் தொடர்கிறது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

1. இந்தப் படிப்புக்கு, இந்த ஆண்டுக்கு, மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்துள்ளதா? அதன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பொறியியல், மருத்துவம், செவிலியர், மருந்தியல் போன்ற பட்டங்களை இந்த வழியில் நடத்த அனுமதியே இல்லை.

2. பிள்ளை எழுதும் அசைன்மென்டை யார் படிப்பார்கள்? எத்தனை நாளில் குறிப்போடு திரும்பும்?

3. பாடம் புரியாமல் நின்றால் யாரைக் கேட்பது? பதில் தமிழில் கிடைக்குமா?

4. முதல் இரண்டு வாரப் பாடத்தைச் சேரும் முன்பே பார்க்க முடியுமா? அதில் பிள்ளை செய்ய வேண்டியது என்ன, பார்க்க வேண்டியது மட்டுமா?

5. இணையம் இல்லாத நேரத்தில் படிக்கப் புத்தகமோ பதிவிறக்கமோ உண்டா?

6. கட்டணத்தைக் கடனாக மாற்றுகிறார்களா? இணையவழிக் கல்வி நிறுவனங்களின் கடன் ஏற்பாடுகளிலும், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முறையிலும் எச்சரிக்கை தேவை என்று நடுவண் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்தது.

விற்பனைப் பிரதிநிதி முதல் கேள்விக்கும் ஆறாம் கேள்விக்கும் மனப்பாடமாக விடை சொல்வார். இரண்டாம் கேள்வியில் தடுமாறினால் சற்று நிதானியுங்கள்.

நாம் செய்யக்கூடியது

முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படிப்புக்கு வரும் பிள்ளைக்குக் கைப்பேசி மட்டும் போதாது. தனியாகத் திரைமுன் அமர்ந்து மூன்று ஆண்டுகள் படித்து முடிக்கும் பழக்கத்தை அந்தப் பிள்ளைக்கு யாரும் கற்றுத்தரவில்லை. வேலை முடிந்து களைத்து வருபவர், ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில், இரவு பத்து மணிக்கு மேல் எப்படிப் படிப்பார்?

நம் பங்குகளில் மாலையில் பூட்டிக்கிடக்கும் அறைகள் உண்டு. மறைக்கல்வி நடக்கும் ஞாயிறு தவிர மற்ற ஆறு நாட்களும் அவை காலியாகவே இருக்கின்றன. நான்கு மேசை, நல்ல விளக்கு, ஓர் இணைய இணைப்பு, வாரம் இருமுறை வந்து அமர ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். இணையத்தில் படிக்கும் நம் இளைஞர்கள், எந்த மதத்தவரானாலும், எந்தப் பல்கலைக்கழகமானாலும், அங்கே ஒன்றாக அமர்ந்து படிக்கட்டும். அந்த ஆசிரியருக்கு அவர்களது பாடம் தெரிய வேண்டும் என்பதில்லை. "இந்த வாரம் எதுவரை முடித்தாய்?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். அன்பியங்களும், வின்சென்ட் தே பவுல் சபையினரும், இளைஞர் இயக்கத்தினரும் வரும் கல்வியாண்டுக்குள் இதைப் பற்றிப் பேசி முடிவெடுக்க வேண்டுகிறேன்.

அஞ்சல் உறை போய்க் கைப்பேசி வந்துவிட்டது. பாடம் ஒரு நொடியில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதைப் படிக்கும் பிள்ளையின் அருகில் யாராவது இருக்கிறார்களா என்பதைத்தான் இனி நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.